நொடிக்கு ஒரு டிக்

கம்பம் பள்ளத்தாக்கில் பாண்டீஸ்வரியின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. அவள் பெயர் தெரிந்தவர்களும் குறைவுதான். சேலைக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன நாய் என்று ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோக்கள் ஊர் ஊராகச் சொல்லிப்போவதில் பாதி அவள் பேசிக் கொடுத்தது. சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் குரலே தெருமுனையில் திரும்பிப் போகும். நிமிர மாட்டாள். எங்கே மூச்சு கேட்டுவிட்டது, எந்தச் சொல்லை விழுங்கிவிட்டோம் என்று மனசு மட்டும் ஆட்டோவின் பின்னால் ஓடும்.

ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள். சாப்பாடுகூட நின்றபடிதான். மைக்குக்கு முன்னால் மட்டும் உட்காருவாள், அதுவும் நாற்காலியின் நுனியில்.

கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அவர்களுடைய மக்காச்சோளக் காட்டை ஒட்டி அவள் வீடு. பின்பக்கத்து அறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவுக்கு வைத்திருந்தாள். சென்னையில் ஒரு நிறுவனம் நாவல்களைக் குரலில் வெளியிட ஆட்கள் தேடியபோது அங்கிருந்துதான் மாதிரி அனுப்பினாள். ஒரு முழு அத்தியாயம். தேர்வானால் ஒவ்வொரு நூலின் முடிவிலும் வாசித்தவர் பெயரைச் சொல்வார்கள். பதினைந்து வருஷம் பேசியதில் எந்த ஆட்டோவும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

அந்த நிறுவனத்தில் ஒலியைச் சரிபார்க்கும் ஜான்சி என்ற பெண் போன் செய்தாள். குரல் நன்றாக இருக்கிறதாம். ஆனால் நொடிக்கு ஒரு முறை பின்னால் டிக் என்று கேட்கிறதாம். மைக் கேபிளில் உள்ளே எங்காவது இணைப்பு விட்டிருக்கலாம், ஒழுங்கான கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள், சாதாரணமானதே போதும் என்றாள்.

பாண்டீஸ்வரி ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டாள். அப்படியொன்றும் கேட்கவில்லை. ஆனால் கேபிள் என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுடையது தேனியில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கழித்துப்போட்டது. இரண்டு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். தங்க முலாம் பூசிய முனை, கலப்பில்லாத செம்பு, மூன்றடுக்கு உறை. ஒன்றில் தாடிக்காரர் ஒருவர் கேபிளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார். சாதாரணமானதே போதும் என்று ஜான்சி சொன்னது மறந்துபோனது. இருப்பதில் விலை கூடியதை வரவழைத்தாள்.

கணவன் சுரேஷ்கண்ணன் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏப்புள்ள, இது சொருகுறதா, கழுத்துல போடுறதா?" என்றான்.

புதுக் கேபிளில் குரல் வேறாகக் கேட்டது. அடியில் ஒரு கனம், ஓரத்தில் ஒரு மினுக்கம். சத்தியமே செய்திருப்பாள். மறுபடி வாசித்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜான்சி கூப்பிட்டாள். "டிக் அப்படியேதான் இருக்குக்கா. பழசும் புதுசும் எனக்கு ஒண்ணுபோலத்தான் கேக்குது. நாளைக்குக் காலைல லிஸ்ட் போகுது. அதுக்குள்ள சுத்தமா ஒண்ணு வந்தாச் சேத்துக்கறேன்."

ஒன்றுபோல என்றது சுருக்கென்றது. ஒரே வரியைப் பழைய கேபிளில் ஒரு முறையும் புதியதில் ஒரு முறையும் பதிந்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டாள். எது எது என்று குழம்பிப்போனது. மினுக்கத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை.

சாயங்காலம் வரை மேசையை நகர்த்தினாள், விளக்கை அணைத்தாள், ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலை ஓடிக்கொண்டே இருந்தது. பேசாமல் இருக்கும்போதும் அதில் சிறுசிறு முட்கள், ஒரே இடைவெளியில். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பின்சுவரில், பன்றிவேலிக்கு மின்சாரம் விடும் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரையில் முள் எழுவதும் அங்கே விளக்கு எரிவதும் ஒரே நேரத்தில்.

பெட்டியும் டிக் டிக் என்றுதான் அடிக்கும். அடிவாரத்தில் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் உண்டு. அது கேட்கிற வரை வேலி உயிரோடு இருக்கிறது, தூங்கலாம். நின்றால்தான் விழிப்பு வரும். அவள் காது அதைக் கேட்பதை விட்டுப் பல வருஷமாகிவிட்டது.

பெட்டியிலிருந்து இறங்கிய எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது வாசலில் போர்வெல் குழாயில் கட்டியிருந்தது. வீட்டு எர்த்தும் அதே குழாயில்தான். வேலிக்குப் போகும் மின்னடி குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறி, பிளக் வழியாக அவள் வாசிப்புக்குள் வந்துகொண்டிருந்தது.

ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த சுரேஷ்கண்ணனிடம் காட்டினாள். கோடையில் காட்டுமண் காய்ந்துகிடக்கிறது, அங்கே கம்பி அடித்தால் எர்த் பிடிக்கவில்லை, அதனால்தான் என்றான். "குழாயடியிலதான ஈரம். அங்கன கட்டுனேன்." பிரித்துக் கட்டவேண்டுமானால் வாய்க்கால் வரைக்கும் வயர் இழுக்கவேண்டும். இருட்டில் ஆகிற வேலையில்லை.

"அரைமணி நேரம் நிறுத்துங்க. ஒரு அத்தியாயம்."

"கதிரு பால் பிடிச்சு நிக்குது. இருட்டு விழவும் பன்னி எறங்கும்."

அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே போனாள், வந்தாள், மறுபடி போனாள். அவன் டார்ச்சை எடுத்தான். பழக்கத்தில், பன்றி விரட்டத் தட்டும் தகர டப்பாவையும் எடுத்தான். அதை மட்டும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"தட்டக் கூடாது. அதட்டக் கூடாது."

"அப்பப் பன்னிகிட்ட எப்படித்தான் சொல்றது?"

"லைட்ட அடிங்க."

பெட்டியை அணைத்தாள். உட்கார்ந்து முதல் பக்கம் முடிவதற்குள் பக்கத்துக் காட்டு அம்மாவாசி வேலியோரம் வந்து நின்று, "ஆத்தா, பெட்டி நின்னுபோச்சே" என்றார். அவருக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வேலி. சுரேஷ்கண்ணன் வாயில் விரலை வைத்து அவரை இழுத்துக்கொண்டு போனான். அவள் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜன்னலை மூடவில்லை. மூடினால் காடு கேட்காது. ஹெட்போனில் இப்போது அவள் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு வெறுமையை அவள் அந்த அறையில் கேட்டதில்லை. அதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது.

கடைசிப் பக்கத்தில்தான் அது வந்தது. சோளத்தட்டை முறிகிற சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று. வடக்கு மூலையில். டார்ச் வெளிச்சம் தெற்கே அலைந்துகொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் வாசித்தாள். முறியும் சத்தம் நெருங்க நெருங்க, அவசரப்படாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, முடிக்கும்வரை வாசித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

விடிந்து பார்த்தபோது வடக்கோரம் நாலு சால் சோளம் தரையோடு கிடந்தது. அம்மாவாசி காட்டில் சேதம் ஒன்றுமில்லை. சுரேஷ்கண்ணன் முறிந்த கதிர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான்.

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவன் கதிரை மாட்டுக்குப் போட்டுவிட்டு ஜீப்பை எடுக்கப் போனான்.

அன்று காலையே பதிவை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஜான்சி கூப்பிட்டாள். டிக் போய்விட்டது, லிஸ்டில் சேர்த்தாகிவிட்டது என்றாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஏதோ முறிகிற சத்தம், அதைத் திரும்ப வாசித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். பாண்டீஸ்வரி சரி என்றாள். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வாய்க்கால் ஓரம் இரும்புக் கம்பி அடித்து, பெட்டியின் எர்த்தைப் பிரித்து அங்கே கட்டினான். டிக் நாவலுக்குள் வருவது நின்றது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விட இன்னும் நாளிருந்தது; மண் காய்ந்தால் வேலியில் மின்னடி குறைந்துபோகும். அவளாகவே, வாசிக்க உட்காரும் முன் தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்துபோய்க் கம்பியடியில் ஊற்றுகிறாள். மண் உறிஞ்சும்வரை நிற்கப் பொறுமை கிடையாது. ஊற்றிய கையோடு, பெட்டியின் மீட்டரில் முள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வெறுங்குடத்தோடு ஓடிவருகிறாள்.