மஞ்சள் கொடி நின்ற பாத்தி

கிரீட்டுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், மண்வெட்டியைக் கழுவுவாள். அந்த ஞாயிறு சாயங்காலம் ஏற்கெனவே சுத்தமாயிருந்த மண்வெட்டியை அவள் திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பார்த்ததும் ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் தோட்டத்துக்கு அறுபது குடும்பங்கள் பங்குதாரர்கள். அவர்களே வந்து தங்கள் கையால் பறித்துப் போவார்கள். பாத்தியின் தலைமாட்டில் குச்சியில் கட்டிய மஞ்சள் துணிக்கொடி நின்றால் பறிக்கலாம், இல்லையென்றால் தொடக்கூடாது. விதைப்பது, களையெடுப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, கொடி நடுவது எல்லாம் கிரீட். கூடமாட நான். ஜூலை வெயிலில் ஒரு நாள்கூட அவள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அவள் தங்கை அவளை வலுக்கட்டாயமாகக் கடற்கரைக்கு இழுத்துப் போயிருந்தாள். நானும் பகல் முழுக்க வீட்டில் இருந்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்தால் லீக்ஸ் பாத்தி மொட்டை. லீக்ஸ் என்றால் வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன். விரல் தடிமன்கூட வராத கன்றுகள், பனிக்காலம் முழுக்க அறுபது வீட்டுச் சூப்புச் சட்டிக்கும் அதுதான் கதி. வெங்காயத்தாள் என்று நினைத்துக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிப் போயிருந்தார்கள். தலைமாட்டில் மஞ்சள் கொடி கம்பீரமாக நின்றது. பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் காய்த்துத் தொங்கியது, ஒருத்தர் தொடவில்லை. ஏன்? கொடி இல்லையாம்!

போன பனிக்காலத்தில் விளைச்சல் படுத்துப் பல குடும்பங்கள் கழன்றுகொண்டன. ரூசலாரே நகரத்தில் காய்கறிகளை உறையவைக்கும் ஒரு தொழிற்சாலை கிரீட்டை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "லீக்ஸ் நல்லா நின்னா இருக்கேன் ரீட்டா, இல்லேன்னா போறேன். முதுகும் போச்சு, பொறுமையும் போச்சு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோர் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பினேன்: 'பிடுங்கினது வெங்காயத்தாள் இல்ல. வேரை வெட்டாம, ஈரத்துணியில சுத்தி உடனே கொண்டுவாங்க.' வேர் இருந்தால் லீக்ஸ் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

சைக்கிளில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பெண் சட்டியோடு வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க, கொதிச்சிருச்சு."

"ருசியா இருந்துச்சா?" என்றேன்.

"ரொம்ப."

"இருக்காதா பின்ன! பச்சப்புள்ளையைப் பிடுங்கித் தின்னா!"

கடைசியில் பஸ் ஓட்டுநர் யோரிஸ் வந்தான், மனைவி அன்னலீஸும் கூட. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "காத்துல கொடி விழுந்து கெடந்துச்சு கிரீட். பாவமேன்னு எடுத்து நட்டு வெச்சேன். உதவியாத்தான்…"

கிரீட் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் பாத்தியில நடுறோம்னு பாத்தியா?"

"பக்கத்துல இருந்ததுல…"

"அஞ்சு வருஷமா இங்க சாப்பிடுற. பீன்ஸ் எது, லீக்ஸ் எதுன்னு தெரியல. நீ உதவி பண்ணாம இருந்தாலே புண்ணியம்டா!"

எனக்கு அவன்மேல் மட்டுமல்ல, எல்லோர்மேலும் எரிச்சல். கொடியைப் பார்த்தார்களே, ஒருத்தராவது செடியைப் பார்த்தார்களா?

பொழுது சாயும்வரை எல்லோரும் முட்டிபோட்டு நட்டோம். குச்சியால் குழி, கன்று, ஒரு குவளை தண்ணீர். வேர் அறுந்தவற்றைத் தூக்கிப் போட்டோம். முக்கால்வாசி பாத்தி தேறியது. கிரீட் ஒவ்வொரு கன்றின் அடியையும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். யோரிஸின் முழங்கால் இரண்டும் சேறு.

எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அன்னலீஸ் கேட்டாள், "அப்போ பீன்ஸ் பறிக்கலாமா? கொடியைக் காணோமே."

அவள் தொடையில் உரசிக்கொண்டு தொங்கின காய்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கிரீட் விறுவிறுவென்று போய் லீக்ஸ் பாத்தியிலிருந்த கொடியைப் பிடுங்கி யோரிஸ் கையில் திணித்தாள்.

"போ. நீயே நடு. ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது."

அவன் பாத்தி பாத்தியாகப் போனான். பிஞ்சுக் கேரட்டின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். கிரீட்டின் கை கீழே கிடந்த மண்வெட்டிக்குப் போனது. அவன் நகர்ந்தான். பீன்ஸ் பக்கம் வந்து ஒரு காயை ஒடித்தான், மென்றான். "இதுவா?"

"என்னைக் கேக்காதே!"

நட்டான். சரியான பாத்தி.

கிரீட் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன்.

"நாளைக்குத் தொழிற்சாலைக்குப் போன் பண்ணணும், ஞாபகப்படுத்துடி."

அவள் முன்னால் போய் நின்றேன். "என்ன சொல்லப் போற?"

"வரலைன்னுதான். நான் போயிட்டா இந்தக் கூமுட்டைங்க களையை வேக வெச்சுத் தின்னுட்டுக் கெடக்கும்!"