நெயில் பாலிஷ் கோடு

அபிஷேகப்பாக்கத்து ஆண்டாளுக்கு எதுவும் மறக்காது. யார், என்றைக்கு, எந்த இடத்தில் வைத்துத் தன்னை என்ன சொன்னார்கள் என்று கிழமையோடு சொல்லுவாள். கணக்குப் பாடத்தில் மட்டும் இந்த ஞாபகம் இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அப்படிக் கேலி செய்தவர்கள் யார் யார் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் வீட்டில் மூன்று கழனிக்கு ஒரே போர்வெல். பக்கத்துக் கழனி மடையை அகலமாகத் திறந்துவிட்டால் கடைசிக் கழனி காயும் என்பது சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். வில்லியனூரில் சேதுராமனின் கலர் மீன் கடையில் தொட்டி கழுவச் சேர்ந்தவளுக்கு அந்த அறிவுதான் கை கொடுத்தது. உப்புத்தண்ணீர் மீன் தொட்டியும் அப்படித்தான்: அதற்குக் கீழே இன்னொரு தொட்டி, அதில் தண்ணீரை மேலே ஏற்ற ஒரே மோட்டார். புதிதாக எந்த மிஷினை மாட்டினாலும் அது அந்த ஒரே மோட்டாரின் தண்ணீரில்தான் பங்கு கேட்கும். ஆண்டாள் ஒவ்வொரு பைப்பின் முனையிலும் பத்து லிட்டர் பக்கெட்டைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவாள். வால்வைத் துளித்துளியாகத் திருப்புவாள். ஒன்றைத் திருப்பினால் மற்றதெல்லாம் மாறும் என்பதால் இரண்டு சுற்று வருவாள். எல்லாம் சரியானதும், வால்வு நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவாள். ஒன்பது வருஷத்தில் அவள் கோடு போட்ட தொட்டி எதுவும் கெட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. பாகூர் பல் டாக்டர் வினோதினியின் கிளினிக் தொட்டியில், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு ஒன்றைச் சேதுராமனே போய் மாட்டினார். விலை கூடின மிஷின், நிறைய தண்ணீர் போகட்டும் என்று அதன் வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்கு வரத்துக் குறைந்து, அது தானாக நின்றுபோனது. சித்திரை வெயில், ஞாயிறு கிளினிக் லீவு. திங்கட்கிழமை பதினோரு மீனும் மிதந்தன.

"ஆண்டாளு தான் வால்வ மாத்தி வெச்சிட்டா டாக்டர்" என்றார் சேதுராமன், அவள் முகத்துக்கு நேராகவே. அந்தத் தொட்டியில் தான் முன்பு போட்ட கோட்டைக் காட்டலாம் என்று ஆண்டாள் குனிந்து பார்த்தாள். கோடு இல்லை. பைப்பில், நெயில் பாலிஷை அழிக்கும் தின்னர் வாசனை அடித்தது. அன்று மாலையே கலர் மீன்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குரல் வந்தது. "ஆண்டாளு கை பட்ட தொட்டி உருப்படாது. யாரும் வேல குடுக்காதீங்க." அதோடு அவளைக் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்.

அதன்பிறகு அவள் நாற்று நட்டாள், களை பறித்தாள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தக் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினார்கள். அந்த ஆள் அதே வாயால் அதே குரூப்பில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேதுராமனின் மனைவி சிவகாமசுந்தரி போன் செய்தாள்.

"ஆண்டாளு, இன்னிக்கு புது ஷோரூம் தெறப்பு. பெரிய தொட்டியில மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. சூடு முப்பத்தொண்ணுல நிக்குது. அவருக்கு ஒண்ணும் புரியலடி."

"புதுசா இன்னா மாட்டுனாரு?"

"நேத்து சாயங்காலம் ஏதோ யூவி லைட்டாம்."

ஆண்டாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில்தான்.

"தண்ணி பாட்டில ஐஸாக்கி வெச்சிருப்பீங்களே, மூடி தொறக்காம நாலு மெதக்க வுடுங்கக்கா. நான் வரேன்" என்றாள். மீன்கள்மேல் அவளுக்கு என்ன கோபம்? ஆனால் கிளம்ப அவசரப்படவில்லை. தலைக்குக் குளித்தாள், இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினாள், இரண்டு பஸ்ஸைப் போகவிட்டாள். ரிப்பன் வெட்ட ஒன்பதரைக்கு டாக்டர் வினோதினி வருகிறார் என்று அழைப்பிதழ் சொன்னது. அந்த அழைப்பிதழை எல்லோர் ஸ்டேட்டஸிலும் பார்த்திருந்தாள்.

அவள் நுழைந்தபோது டாக்டர் தொட்டி எதிரில் நின்றுகொண்டிருந்தார். சேதுராமன் பட்டு வேட்டியில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"வா ஆண்டாளு, சீக்கிரம் பாரு."

"பக்கெட்ட நீங்க புடிங்க. நான் தொட்டா உருப்படாதே" என்றாள்.

சேதுராமன் டாக்டரைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார், பக்கெட்டை எடுத்தார். சில்லர் பைப்பின் முனையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். உப்புத்தண்ணீர் பட்டு வேட்டியில் தெறித்தது. ஆண்டாள் சத்தமாக, நிதானமாக எண்ணினாள். நூற்றுப் பத்து நொடி ஆனது.

"முப்பது நொடியில ரொம்பணும் டாக்டரம்மா. தண்ணி எங்க போவுதுன்னு பாருங்க" என்று யூவியின் வால்வைக் காட்டினாள். முழுக்கத் திறந்திருந்தது. "இத தொறந்தது யாரு?"

சேதுராமன் நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"அன்னிக்கு உங்க கிளினிக்லயும் இதே வெளக்கு, இதே தொறப்பு. யாருன்னு கேக்கறேன்."

"நான் தான்" என்றார் சேதுராமன், பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் நான் தான்."

இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை, இன்னும் வேண்டும் போலிருந்தது. யூவியை முக்கால்வாசி மூடினாள், நேராக மேல்தொட்டிக்குப் போகும் பைப்பின் வால்வைச் சற்றுக் குறைத்தாள், பக்கெட்டை இன்னும் ஆறு தடவை பிடிக்கவைத்தாள். உண்மையில் மூன்று தடவை போதும். சில்லர் உறுமி ஓட ஆரம்பித்தது, அரைமணியில் சூடு ஒரு புள்ளி இறங்கியது. மீன்கள் கீழே போயின.

"ஆண்டாள், திங்கட்கிழமை கிளினிக்குக்கு வர முடியுமா?" என்றார் டாக்டர்.

"அன்னிக்கி நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்கல டாக்டரம்மா. யோசிச்சி சொல்றேன்."

ரிப்பன் வெட்டிக் கைதட்டினார்கள். ஆண்டாள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும் சேதுராமன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏம்மா, கோடு போடலியே. வால்வுல கைப்பிடியும் காணோம்!"

"கோடு போட்டா தின்னர் வெச்சி அழிப்பீங்க. மூணு கைப்பிடியும் எங்கிட்ட தான் இருக்குது. குரூப்புல உங்க வாயால சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்."

குறடு வைத்துத் திருப்பலாம்தான். எவ்வளவு திருப்புவது என்று அவருக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை பில்டர் அழுக்கில் அடைத்துக்கொள்ளும்போது மறுபடியும் அளந்து திருப்பியாக வேண்டும். அது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் கிளம்பியதும் அவள் போன் சத்தம் போட்டது. அவளைக் குரூப்பில் மறுபடி சேர்த்திருந்தார்கள். சேதுராமனின் குரல், பதினெட்டு நொடி. "பாகூர் தொட்டி மீனுங்க செத்தது என் தப்பு. ஆண்டாளு மேல ஒண்ணும் இல்ல." சத்தத்தை முழுக்க வைத்து, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி நான்கு தடவை போட்டாள். பைக்குள் கைவிட்டு மூன்று கைப்பிடியையும் தொட்டுப் பார்த்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பினால் இன்றைக்கே கொடுத்துவிடலாம். இரண்டு வருஷம் அவள் பொறுக்கவில்லையா, அவரும் அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.