வயிற்றில் குடியிருப்பவை

தனியாக இருப்பவர் யாருக்காகச் சமைக்க வேண்டும்? வேங்கிக்காலில் வசித்த ஸ்ரீபாலிடம் மூன்று வருடமாக இதற்குப் பதில் இல்லை.

நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். மனைவி த்ரிசலா இருந்தவரை, கீரையை ஜன்னல் வெளிச்சத்தில் இலை இலையாகப் பார்த்து, பூச்சி இருந்தால் வெளியே ஊதிவிட்ட பிறகுதான் அரிவாள்மணையில் உட்காருவாள். அவள் போன பிறகு அந்த வேலைக்கு அவர் கண் போதவில்லை. தெரியாமல் ஓர் உயிர் வெந்துவிடுமோ என்ற பயத்தில் முதலில் கீரை நின்றது. பிறகு கத்தரி, அவரை. கடைசியில் வண்டுக்குப் பயந்து பயறும். வெள்ளைச் சோறும் மோரும் மிஞ்சின. தெருவில் அதைத் துறவு என்றார்கள். அதில் துக்கம் எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

வயிறு ஓயாமல் தொல்லை கொடுக்கவே செங்கம் சாலையில் ஒரு கிளினிக்குக்குப் போனார். உணவு ஆலோசகர் பிர்தௌஸ் அவர் சாப்பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்ன சார், ஆஸ்பத்திரிக் கஞ்சியே இதைவிட ஜாஸ்தி போலிருக்கு! உங்க குடல்ல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்குங்க. நமக்குச் செரிக்காத நார்தான் அதுங்களுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்க வெச்சு ப்யூட்டிரேட்னு ஒண்ணு தருதுங்க. பெருங்குடல் சுவருக்கு அதுதான் ஆகாரம்."

"நாரே போகலன்னா?"

"நல்லதெல்லாம் கம்மியாயிடும். சிலது குடலோட சளிப் படலத்தையே அரிச்சுத் தின்னும்னு சொல்றாங்க."

"அப்போ மூணு வருஷமா நான் பட்டினி போட்டது அதுங்களையாம்மா?"

"இப்படி யாரும் கேட்டதில்ல சார். மாத்திரை எழுதுவீங்களான்னுதான் கேப்பாங்க."

மறுநாள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார். ஒரு கட்டு முளைக்கீரை ஆய ஒரு மணி நேரம் பிடித்தது. கொள்ளும் ஊறியது. வாரங்கள் போகப் போக வயிறு அடங்கியது. புனேவிலிருந்து மகள் அக்ஷயா போனில் கேட்டாள்: "தினம் தனியா சாப்பிடுறியேப்பா, கஷ்டமா இல்ல?"

"தனியான்னு சொல்ல முடியாதும்மா."

"யாருப்பா வந்திருக்கா?"

போனை வைத்த பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

சமணர்களின் பெரிய விரத நாளான அனந்த சதுர்த்தசி வந்தது. த்ரிசலாவோடு நாற்பது வருடமும், அவள் போன பிறகு தனியாகவும், தண்ணீர்கூடக் குடிக்காமல் நோற்ற விரதம். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று பிர்தௌஸ் சொல்லித்தான் இருந்தாள். காலையில் கோயிலுக்குப் போய் வந்தார். ஜன்னலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். பொழுது சாயுமுன் பருப்போடு கடைந்து, கொள்ளோடு நிதானமாகச் சாப்பிட்டார்.

பிரசாதம் கொண்டுவந்த எதிர்வீட்டு ஜினமதி அவர் கையில் சாப்பிட்ட தட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னண்ணா, இன்னிக்கு விரதம் இல்லீங்களா?"

"நான் மட்டும் பட்டினி கிடக்கிறதுன்னா இருந்திருப்பேம்மா," என்று ஸ்ரீபால் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.