மூக்குத்தி இடம் மாறிய படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஃபேன் சுவிட்சுக்கு மேலே, ஒரு சிவப்புப் படம் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பழசாகி நிறம் கெட்டுப்போன படம் என்றே நினைப்பார்கள். வானம் செங்கல் நிறத்தில் இருக்கும். மலை காய்ந்த மிளகாய் நிறத்தில் இருக்கும். மொட்டை மாடியில் துணி எடுக்க வந்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி நிற்கிற பெண்ணும் அதே நிறம்தான். அந்தப் பெண் நான். படம் கெட்டுப்போகவில்லை. கைக்கு வந்த அன்றே அது அப்படித்தான் இருந்தது.

எடுத்தவரை நாங்கள் கேமரா அக்கா என்று சொல்வோம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீடு செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. மாடியில் ஓர் அறை கட்டி, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அக்கா சென்னையில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பார். கல்யாணம் ஆகவில்லை என்பதை அம்மா முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அக்காவோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் எங்களிடம் பழைய புடவைகள் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக் குளியலறைக்குள் போனார். ஜன்னலையும் கதவு இடுக்கையும் அந்தப் புடவைகளால் அடைத்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, ஒடம்பு எதுனா சரியில்லியா?"

"ஃபிலிமப் பொரட்டிச் சுத்துறேன்மா. கதவ மட்டும் தொறந்துடாதீங்க."

வியர்த்து வழிய வெளியே வந்த பிறகு விளக்கினார். ஃபிலிமுக்கு முன்பக்கம், முதுகுப்பக்கம் என்று உண்டாம். எல்லோரும் முன்பக்கத்தில் வெளிச்சம் படுகிற மாதிரிதான் எடுப்பார்கள். இவர் அதை இருட்டில் உருவி, புரட்டி, மறுபடி உருளைக்குள் சுற்றிவிடுவார். முதுகு வழியாக நுழைகிற வெளிச்சத்தில் மற்ற நிறங்கள் அடங்கிப்போய்ச் சிவப்பும் மஞ்சளும்தான் மிஞ்சும். வெளிச்சம் ஜாஸ்தியானால் மஞ்சள், கம்மியானால் கருஞ்சிவப்பு. சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொள்கிற மாதிரியா என்று அம்மா கேட்டாள். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போய், பிறகு யார் கேட்டாலும் அப்படியே சொன்னார். எதற்கு இவ்வளவு பாடு என்றதற்கு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "எல்லாரும் இத நெருப்பு மலைன்னு சொல்றீங்க. கடையில விக்கிற படத்துலலாம் பச்சப்பசேல்னு இருக்குது. ஒரு தடவையாவது நெருப்பாட்டம் பாக்கணும்ல."

என் இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்துவிட்டது. பரவவும் இல்லை, மறையவும் இல்லை. பத்தாவதோடு நின்றதற்கு வேறு காரணங்கள் சொல்லுவேன், ஆனால் இதுவும் ஒன்று. வரன் பார்க்க ஆரம்பித்ததும் என் படம் வீடு வீடாகப் போனது. எங்கள் பக்கத்தில், வேண்டாம் என்றால் அதை வாயால் சொல்லமாட்டார்கள். படம் திரும்பி வரும். போன கவரிலேயே, மடங்காமல் கசங்காமல் வரும். அம்மா அதை வாங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைப்பாள்.

அக்கா என்னை எடுத்தது திட்டமிட்டு அல்ல. சாயங்காலம் மலையை எடுத்துக்கொண்டிருந்தவர், துணி எடுக்க வந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கையால் கன்னத்தை மறைப்பதற்குள் எடுத்துவிட்டார்.

டவுனில் பிரிண்ட் போட்ட கடைக்காரர் ஃபிலிம் வெயிலில் வெந்துவிட்டது என்று சாதித்தாராம். இல்லை, இப்படித்தான் வேண்டும் என்று அக்கா சண்டை போட்டு வாங்கிவந்தார். கடைப் பெயர் அச்சடித்த கவரில் போடாமல் வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார் அந்த மனுஷர். யாராவது பார்த்தால் கடைக்குக் கெட்ட பெயராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. என் படத்தை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பில் என் கன்னம் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. வெள்ளை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

"இத எங்களுக்குக் குடுங்கம்மா. கீழ்பென்னாத்தூர்ல ஒரு எடம் கேட்டுக்கினு இருக்காங்க."

அக்காவின் முகம் மாறிவிட்டது. வேண்டுமானால் நல்ல ஃபிலிமில் வேறொன்று எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். நல்ல ஃபிலிமில் எடுத்ததெல்லாம் அலமாரியில் கிடக்கிறது என்றாள் அம்மா. கடைசியில் அக்கா படத்தை என் கையில் கொடுத்தார். "நான் மலைக்காகத்தான் எடுத்தேன். இப்ப இது உன் படம். யாராவது கேட்டா, எப்படி எடுத்ததுன்னு நீயே சொல்லிடு, என்ன?" மறுநாள் அவர் சென்னைக்குப் போய்விட்டார். யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா அப்பியிருந்த பவுடர் என் கன்னத்தில் இறுகிக் கிடந்தது. நேராக நிமிராதே, இடது கன்னத்தைக் காட்டாதே என்று சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர். அவர் என்னைப் பார்த்ததைவிடக் கையிலிருந்த படத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"இது எங்கருந்து எடுத்ததுங்க?"

எங்கள் மாடியிலிருந்துதான் என்றாள் அம்மா.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையச் சுத்தறேன். இங்கருந்து பாத்தா நீட்டுச் சரிவு அந்தப் பக்கம்ல வரணும். வேற மலையாட்டம் இருக்குது."

முகத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். மலையைப் பற்றி யாரும் கேட்கக்கூடும் என்று அம்மாவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அம்மா காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினாள். யாராவது கேட்டால் நீயே சொல்லிடு என்று அக்கா சொன்னது அந்த நேரம் ஞாபகம் வந்தது. படத்தில் என் மூக்குத்தி பக்கம் மாறியிருந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். அதுவரை வெளி ஆண் ஒருவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிராத நான் பேசினேன்.

"ஃபிலிமப் பொரட்டிப் போட்டு எடுத்ததுங்க. அதான் எல்லாம் பக்கம் மாறி விழுந்திருக்குது. மலையும், என் மூக்குத்தியும்." பிறகு முந்தானையால் கன்னத்தைத் துடைத்தேன். "இங்க வெள்ள இருக்குதுங்க. செவப்புல அது தெரியல."

அவருடைய அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் படத்தைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். "அப்ப மலை சரியாத்தான் இருக்குது" என்றார். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

நாட்கள் போயின. படமும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அம்மாவே பொறுக்கமாட்டாமல் தரகரை அனுப்பினாள். வேண்டாமென்றால் படத்தையாவது கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள். திரும்பி வந்த தரகர் வாசலில் நின்றே சொன்னார்: "அந்த அம்மா இழுக்கறாங்க. ஆனா பையன் படத்தத் தரமாட்டேன்றான்."

அடுத்த முறை அக்கா வந்தபோது நான் கீழ்பென்னாத்தூர் மருமகள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாளாம். அக்கா நிறைய நேரம் சிரித்துவிட்டு, "எத்தனையோ பேருகிட்ட காட்டினேன். மலை பக்கம் மாறியிருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலியேம்மா" என்றாராம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. என்ன ஆனார் என்று தெரியாது. அந்த வீடும் கைமாறி, இப்போது அங்கே தங்கும் விடுதி நிற்கிறது.

இப்போது நாங்கள் வேங்கிக்காலில் இருக்கிறோம். இங்கிருந்து மலைக்கு வேறு முகம். போன வாரம் என் மகள் அந்தப் படத்தைப் போனில் எடுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, மலையையும் என் மூக்குத்தியையும் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்னொரு தட்டில் சிவப்பும் போய்விடுமாம். அவள் அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் வெச்சிக்கினது இது இல்லியே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா எங்கேயாவது இருந்தால், இதைச் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. சுவிட்சுக்கு மேலே படம் அப்படியே தொங்குகிறது. அம்மா வீட்டிலிருந்து வரன் பார்க்கப் போன என் படங்களில் திரும்பி வராதது அது ஒன்றுதான்.