அடுப்பு ஏறாத புட்டிங்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், தாம்பரம் பக்கம் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தபோது, எனக்கு இயற்கை உணவு பிடித்திருந்தது. பேய் பிடித்திருந்தது என்பார்களே, அந்த அர்த்தத்தில். நாலு புத்தகம் படித்துவிட்டு, சமைத்ததெல்லாம் செத்த உணவு என்று சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்லிவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுத்த பப்பாளி, வாழைப்பழம், ஊறவைத்த பேரீச்சை, முந்திரி, கொஞ்சம் தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஏலக்காயைத் தாராளமாகப் போட்டதில் பப்பாளி வாசனை ஒளிந்துகொண்டது. ஜாரில் மிச்சமிருந்த காலைச் சட்னியின் பூண்டுக்கும் ஏலக்காய்தான் பொறுப்பேற்றது.

சாயங்காலம் மாடி வீட்டு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் டீச்சர், கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் வெளியூர் போயிருந்தான். புட்டிங்கைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் போட்டி வைத்தேன்.

“என்ன பழம்னு சொல்லுங்க பாப்போம்.”

“மாம்பழம்,” என்றார் மாமியார்.

“சீசனே இல்லையேம்மா.”

“பரங்கிக்காயாண்ணா?” என்றாள் மருமகள். அவள் கிண்ணம் பாதி காலியாகியிருந்தது.

“அது காயாச்சே,” என்றார் மாமியார்.

“இவருக்கு மிக்ஸில போட்டா எல்லாமே பழம்தான்,” என்றாள் என் மனைவி.

“பப்பாளி,” என்றேன், வித்தைக்காரன் துண்டை விலக்குகிற தோரணையில்.

மருமகள் ஸ்பூனை வைத்தாள். வைத்த கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். நான் மட்டும் பப்பாளியின் மகிமைகளில் இருந்தேன்.

“எப்பலேர்ந்து?” என்று மாமியார் மெதுவாகக் கேட்டார்.

“தள்ளிப் போயிருக்கு அத்தை. அவர் வந்ததும் முதல்ல அவர்கிட்ட சொல்லலாம்னு…” அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “கலைஞ்சிடாதில்லண்ணா?” என்றாள்.

“பழுத்தது ஒண்ணும் செய்யாதும்மா. புக்ல போட்டிருக்கு.”

“எழுதினவர் புள்ள பெத்தவரா?” என்றார் மாமியார்.

மகனுக்குச் சேதி அன்றே போனில் போய்விட்டது. சொன்னது அவன் அம்மா. மறுநாள் தாம்பரத்து டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாத்திகம் பேசித் திரிந்தவன், வாக்கிங் என்று சொல்லிவிட்டு வாராவாரம் குன்றத்தூர் மலைக் கோயிலுக்கு ஏறினேன்.

“வாக்கிங் போறவர் நெத்தியில எதுக்கு விபூதி?” என்றாள் மனைவி. வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பிய மருமகள், ஒரு கிண்ணம் கேசரியோடு கீழே வந்தாள்.

“ரவை, சர்க்கரை, நெய், முந்திரி,” என்று முதலிலேயே சொல்லிவிட்டு நீட்டினாள். “பயப்படாம சாப்பிடுங்கண்ணா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான், அவள் புருஷனிடம் முதலில் சொல்லவிருந்த சேதி ஞாபகம் வந்தது.