வாசப்பக்கத்துப் பாய்

இதை எழுத நினைத்துப் பல வருஷமாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்ற தயக்கம் ஒன்று. இன்னமும் அதே கடையில் வேலை, குடியிருப்பதும் செவிலிமேட்டில் முதலாளியின் வீடு என்பது அதைவிடப் பெரிய தயக்கம். போன பிரதோஷத்தன்று நந்திக்குப் பின்னால் நின்றபோது, எழுதிவிடு என்று மனசு சொன்னது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பாயில் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுகிறவன் நான். அம்மனைக் கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதியோடுதான் கடை ஏறுவேன். அதனால் கடையில் எனக்குப் பெயர் 'சாமி'. முகூர்த்தச் சேலை எடுப்பவர்கள் அதை என் கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

பல வருஷத்துக்கு முன் ஒருநாள், தென்னேரிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வேன் பிடித்து வந்தது. பெண்ணுக்குப் பிடித்தது, புதிதாக வந்த சரக்கில் ஓர் அரக்குச் சேலை. விரித்ததும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளி ஜரிகை இல்லை, செம்பு. விலையோ வெள்ளி ஜரிகையின் விலை.

பெண்ணின் அம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயா, எங்களுக்கு ஜரிகை பத்தி ஒண்ணும் தெரியாது. திருநீறு பூசிக்கினு உக்காந்திருக்கீங்க. அசல்னு ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க, போதும்."

கல்லாவிலிருந்து முதலாளி, "சொல்லு சாமி, இன்னா யோசன?" என்றார்.

சேலையைக் கொடுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. குடியிருக்கும் வீடு கண்ணில் வந்து நின்றது.

"இது செம்பு ஜரிகைம்மா. வேற காட்டறேன்."

பெண்ணின் மாமா, "பாத்தியா, நான் அப்பவே சொல்லல? இந்த மூஞ்சில பொய் வராதுன்னு!" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவேயில்லை. அவர்கள் எழுந்து போகவுமில்லை. உறவுக்காரர்களுக்கும் சேர்த்து அசலாகவே எடுத்தார்கள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே போனேன். அவரோ சிரித்தார்.

"இனிமே வாசப்பக்கத்துப் பாய் உனக்கு. அசல் மட்டும் காட்டு. உண்மையே பேசு. செம்பு மாடிக்குப் போவுது."

அப்படியே நடக்கிறது. வருகிறவர்களிடம் என் கதையை அவரே சொல்கிறார். "அந்தச் சரக்க அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேம்மா. சாமிக்குச் சம்பளமும் ஏத்திட்டேன்." கேட்டு உருகி, நம்பி மாடி ஏறுகிறார்கள். அங்கே செம்பை வெள்ளி விலைக்கு வாங்கிக்கொண்டு, என் பக்கம் வராமல் பின்படி வழியாக இறங்கிப் போய்விடுகிறார்கள். "பாத்து எடுங்கம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எவ்ளோ அக்கறை பாரு!" என்று கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். வேறு கடையில் வேலை கேட்டேன். எனக்கு முன்னால் கதை அங்கே போயிருந்தது. "அப்பேர்ப்பட்ட முதலாளிய வுட்டுட்டு ஏன்பா வர்ற?" என்றார்கள்.

நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்பார்கள். பொய்யில்லை, பெருகியிருக்கிறது. தூண்டில் புழுவாக உட்கார வைத்தாயே தாயே என்று அம்மனிடம் தினமும் கேட்கிறேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். சம்பளம் ஏறியதாகச் சேர்க்காதீர்கள். மாடியை விட்டுவிடாதீர்கள். மேலே எடுத்த சேலையை முன்வாசலுக்குக் கொண்டுவந்து, பாயில் விரித்து, இது என்ன ஜரிகை என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.