கப்பல்சாலின் கடைசி நான்கு நிமிடம்

கிடார் வாசிக்கிறவனுக்கு ரசிகர்கள் உண்டு. பாடுகிறவனுக்கும் உண்டு. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறவனை மட்டும் ஜனங்கள் மேடையிலிருக்கும் நாற்காலியோடு சேர்த்துவிடுவார்கள். இதை வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். என் பெயர் ஷங்கர். எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் ‘நங்கூரம்’ என்று ஒரு ராக் குழு இருந்தது. அதில் நான் டிரம்ஸ், வெங்கிடாசலம் கிடார். இது அவனைப் பற்றியது. அவனைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று அவன் மனைவி காமாக்ஷி, நான் மன்னி என்று கூப்பிடுகிறவள், கேட்டுக்கொண்டிருக்கிறாள். முடிந்தவரை பார்க்கிறேன்.

வெங்கிடுவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சுள்ளிக்கல்லில் மாடி வீடு. யூதர் தெரு என்கிற ஜூ டவுன் பக்கத்து மிளகுக் கிடங்கு ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து, இதில் ஈரம் இவ்வளவு என்று சொல்லிவிடுவான். பேச்சு குறைவு, தும்மல் அதிகம். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து இங்கே வந்த குடும்பம் அவனுடையது, என்னுடையதும் அப்படியே. எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். எழுதுவதென்றால் மலையாளம்தான் சட்டென்று கைக்கு வரும். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. வாழ்நாளில் அவன் வாங்கிய ஒரே கெட்ட பெயர் அந்தக் கிடாரால் வந்தது. அவன் அப்பா கடைசி மூச்சு வரை அதை ‘அந்தப் பொட்டி’ என்றுதான் சொன்னார்.

நாங்கள் வாசித்தது புரோக்ரெசிவ் ராக். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண ராக் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்து ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். இது விடாது. நடுவில் தாளம் மாறும், சுருதி மாறும், கேட்கிறவன் முகமும் மாறும். நான் ஏழு எண்ணி முடிப்பதற்குள் வெங்கிடு பதினொன்றுக்குத் தாவியிருப்பான். சொல்லிவிட்டுத் தாவுகிற வழக்கமெல்லாம் அவனிடம் கிடையாது. அவன் போட்ட பெரிய உருப்படிக்குப் பெயர் ‘கப்பல்சால்’. துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிற ஆழமான பாதைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கப்பல் ஒன்று கடலிலிருந்து உள்ளே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். நோட்டீஸில் இருபத்துமூன்று நிமிடம் என்று அச்சடித்தோம்.

1988 ஜூன் மாதம், வெளுத்து வாங்குகிற மழையில், மட்டாஞ்சேரி ஹால் ஒன்றில் அதை முதல்முறையாக வாசித்தோம். பத்தொன்பதாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது. திரும்பி வரவில்லை. ஜனங்கள் தீக்குச்சி கிழித்து வாசலைத் தேடிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் எங்கள் பாடகன் துபாய்க்குப் போனான், குழுவும் கலைந்தது.

இது ஊருக்குத் தெரியும். எனக்கும் வெங்கிடுவுக்கும் மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. அந்தக் கடைசி நான்கு நிமிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கப்பலைப் பத்தொன்பது நிமிடம் ஓட்டி வந்தவன், அதை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை. கேட்டதற்கு, “மேடையில பாத்துக்கலாம்டா” என்றான். பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் கரண்ட் போய் அவன் மானத்தைக் காப்பாற்றியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. ஆனால் அன்றைக்கு மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ராமபத்ரன் என்ற கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். பம்பு மோட்டார் விற்க வந்தவர். புதிதாக வாங்கிய பேட்டரி டேப் ரெக்கார்டரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அதை முழுக்கப் பதிவு செய்துகொண்டு போனார். அந்த ஒரு கேசட்டிலிருந்து நூறு கேசட் ஆயிற்று, பிறகு சிடி, பிறகு செல்போன். இப்போது ராமபத்ரன் நடத்தும் வாட்ஸாப் குழுவில் முப்பத்தொரு பேர். கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி. முப்பத்தேழு வருஷமாக ஒரே உருப்படியைக் கேட்டுக்கொண்டிருக்கும் முப்பத்தொரு பேர். ஒருத்தர் தன் வீட்டுக்கே ‘கப்பல்சால்’ என்று பெயர் வைத்துவிட்டார். அங்கே கப்பல் வேலை கேட்டு ஆள் வருகிறதாம். வெங்கிடுவின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கிடார் கம்பி ஒரு செட்டும் மைசூர்பாகு ஒரு கிலோவும் தவறாமல் வரும். மைசூர்பாகில் பாதி என்னுடையது. கேட்காமலே எடுத்துக்கொள்வேன்.

அவர்களுக்குள் இரண்டு கட்சி. கடைசி நான்கு நிமிடத்தில் கப்பல் கரை சேரும் என்பது ராமபத்ரன் கட்சி. மூழ்கிவிடும் என்பது திருப்பூர்க் கட்சி. இதனால் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. “ஐயா, சேருமா, மூழ்குமா?” என்று வருஷம் தவறாமல் கேட்பார்கள். “நேரம் வரும்போ தெரியும்” என்று வெங்கிடு நழுவுவான். அதையும் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு கொண்டாடினார்கள்.

எனக்கு இது வேடிக்கை. அவனுக்கு இல்லை. “இத்தனை வருஷமா என்னைத் தலையில தூக்கி வச்சிண்டிருக்கா, ஷங்கரா. உள்ள ஒண்ணுமே இல்லேன்னு தெரிஞ்சா அவா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்று ஒரு நாள் கண் கலங்கினான். மிளகுத் தூசி என்று சமாளித்தான். ஓய்வு பெற்று எட்டு வருஷமான ஆள்.

இந்த வருஷம் ஜூ டவுனில் பழைய கிடங்கு ஒன்றை ஓவியக் கூடமாக்கியவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்கச் சொன்னார்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியத்தில் வெங்கிடு தலையாட்டிவிட்டான். அவன் குளிக்கப் போன நேரத்தில் மன்னி அவன் போனை எடுத்து ரசிகர் குழுவுக்குச் சேதி அனுப்பினாள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மலையாளம் படிக்க வராதே என்று, வாரப் பத்திரிகை பார்த்துப் பழகிய தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அனுப்பினாள்:

“வெங்கிடுவுக்கு ஒரு அவசரம். காரியம் பதினாறாம் தேதி ஞாயிறு நாலு மணிக்கு ஜூ டவுனில். எல்லாரும் வரணும். காமாக்ஷி.”

எங்கள் ஊரில் அவசரம் என்றால் வாய்ப்பு. காரியம் என்றால் விஷயம். வெங்கிடுவுக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, விஷயம் ஞாயிறு நாலு மணிக்கு. மன்னி எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. வாளையாறு எல்லையைத் தாண்டினால் அதற்கு வேறு அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குளித்துவிட்டு வந்தவன் விஷயம் தெரிந்ததும் போனை அணைத்து அரிசி டப்பாவில் புதைத்தான். இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நான்கு நிமிடத்தை உண்டாக்கப் பார்த்தான். கப்பல் கரைக்கும் வரவில்லை, மூழ்கவும் மாட்டேன் என்றது. ஞாயிறு காலை என்னிடம் இரண்டு திட்டம் சொன்னான். முதலாவது, காய்ச்சல் என்று படுத்துவிடுவது. அது பலிக்காவிட்டால் இரண்டாவது.

“பத்தொம்பதாம் நிமிஷம் ஆறச்சே மெயின் ஸ்விட்சை அணைச்சுடு. பழையபடி கறண்டு போச்சுன்னு இருக்கட்டும். என்னைக் காப்பாத்துடா.”

முழங்காலில் இரும்பு வைத்த பிறகு நான் டிரம்ஸ் பக்கம் போவதில்லை. சும்மாதானே நிற்கப் போகிறேன், சரி என்றேன்.

மூன்று மணிக்குக் கூடத்து வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. கறுப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஆட்கள் இறங்கினார்கள். பெரிய ரோஜா மாலை இறங்கியது. அதற்குப் பின்னால் ஆறடி ஃபிளெக்ஸ். அதில் இருபது சொச்சம் வயது வெங்கிடு, தோள் வரை முடி, கையில் கிடார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே தோற்றம், மறைவு, இரண்டும் தேதியோடு. மறைவுத் தேதி மன்னி சேதி அனுப்பிய நாள்.

வெங்கிடு வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தான். மாலையோடு முன்னால் வந்த ராமபத்ரன் அவனைப் பார்த்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

“ஏனுங்க ஐயா... இருக்கறீங்களா?”

“இருக்கேனே” என்றான் வெங்கிடு, ஏதோ தப்பு செய்தவன் மாதிரி.

“அவசரம்னு போட்டிருந்துதுங்க. காரியம்னு வேற போட்டிருந்துதுங்க. போன் பண்ணுனா சுவிட்ச் ஆஃப்னு வந்துதுங்க.”

மன்னி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ பகவானே! சான்ஸ் கிடைச்சிருக்குன்னாக்கும் நான் எழுதினேன்!”

ராமபத்ரன் மாலையை என் கையில் திணித்துவிட்டு வெங்கிடுவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அறுபது தாண்டிய மனிதர். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கையைத் தொட்டுப் பார்த்தார், இன்னொருத்தர் திருஷ்டி கழித்தார். பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதை ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டேன். சாவுக்கு வந்தவர்களிடம் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? முதல் திட்டம் அங்கேயே அடிபட்டது.

நான்கு மணிக்கு ஆரம்பித்தான். எனக்குப் பொய் சொல்ல வராது, நன்றாகவே வாசித்தான். விரல் முன்னைப் போல் ஓடவில்லை. ஆனால் அன்று ஓடுவதற்காகவே ஓடின இடங்களில் எல்லாம் இன்று நிதானமாக நின்று நின்று போனான். டிரம்ஸ் இல்லாத குறையை ஒருத்தரும் கவனிக்கவில்லை, அதையும் நான் கவனித்தேன். முப்பத்தொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, தாளம் ஏழிலிருந்து பதினொன்றுக்குத் தாவுகிற இடத்தில் ஒரு சேரத் தலையாட்டினார்கள். எனக்கே அந்த இடம் ஒழுங்காகப் பிடிபட்டதில்லை.

பதினெட்டாவது நிமிடம் பின்சுவரில் மெயின் ஸ்விட்சின் மேல் கை வைத்தேன். வெங்கிடு வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு குட்டிச் சாத்தான் புகுந்தது. ஒரே ஒரு நிமிடம் தாமதித்தால் என்ன? மைசூர்பாகும் மாலையும் ஃபிளெக்ஸுமாக வாங்கிக் குவித்தவன் ஒரு நிமிடம் தவிக்கட்டுமே. பத்தொன்பது ஆயிற்று. நான் கையை அசைக்கவில்லை. வெங்கிடு கடைசிச் சுரத்துக்கு வந்துவிட்டான், அதற்கு அப்புறம் அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. விரலை நகர்த்தப் போனேன்.

அதற்குள் முப்பத்தொரு பேரும் ஒரே குரலில், கூரை அதிர, மலையாளத்தில் கத்தினார்கள்:

“அய்யய்யோ, கறண்டு போயே!”

கத்திவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். விசிலடித்தார்கள். சிலர் அழுதார்கள். வெங்கிடு கிடாரைப் பிடித்தபடி திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தான்.

“முடிவுங்க ஐயா!” என்றார் ராமபத்ரன். “கேசட்டுல அப்படித்தானுங்க முடியுது. சேருமா, மூழ்குமான்னு அடிச்சுக்குவோம், அது வேறீங்க. ஆனா இந்தக் குரல் இல்லாம எங்களுக்குக் கப்பல்சால் இல்லீங்க. வீட்டுல கரண்ட் போனா எம் பேத்திகூட இப்படித்தான் கத்தறா.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தோம். அன்னிக்குக் கத்துனது யாருங்க?”

“நான்தான்” என்று வெங்கிடு சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கும் தெரியாது, எனக்கே கூட மறந்துபோயிருந்தது. அந்தப் படுபாவி கையை நீட்டிப் பின்சுவரைக் காட்டினான்.

“ஷங்கர். எங்க டிரம்மர்.”

முப்பத்தொரு பேரும் திரும்பினார்கள். என் கை இன்னும் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ராமபத்ரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒரே ஒருக்கா கத்துங்க சாமி. நேர்ல கேட்டுக்கறோம்.”

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மன்னிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.